சமூகச் சிலந்தியும் வேட்டையாடும் மண் பாக்டீரியாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டெகோடைபஸ் சரசினோரம் கூட்டமாக வாழும் ஒரு சிலந்தி. மிக்ஸோகாக்கஸ் சாந்தஸ் மண்ணில் கூட்டமாகத் திரிந்து மற்ற நுண்ணுயிர்களைத் தின்னும் ஒரு பாக்டீரியா. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வழக்கமாக எழும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பாக்டீரியா என்றதும் நோயை நினைப்பவர்களும், சிலந்தி என்றதும் துடைப்பத்தைத் தேடுபவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

சிலந்தியையும் பாக்டீரியாவையும் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் எதை ஒப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கால் எத்தனை, கண் எத்தனை என்று ஆரம்பித்தால் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடும்: ஒன்றுக்கு எட்டுக் கால், எட்டுக் கண், மற்றதற்கு இரண்டுமே கிடையாது. வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு போனாலும் அதிகம் தேறாது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்தது.

சுவாரஸ்யம் சாப்பாட்டில்தான் இருக்கிறது. இரண்டுமே இரையை மென்று விழுங்குவதில்லை. செரிமானச் சாற்றை இரையின் மேல் விட்டு, உடம்புக்கு வெளியிலேயே கரைத்து, கரைந்ததை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. தனியாகச் சாப்பிடும்வரை இதில் பிரச்சினை இல்லை. பலர் சேர்ந்து ஒரே இரையைக் கரைக்கும்போது, அது ஒரே பாத்திரத்தில் எல்லோரும் கைவைத்துச் சாப்பிடுவது போல ஆகிவிடுகிறது. ஒருவர் செலவழித்த சாற்றின் பலனை, எதையும் செலவழிக்காத பக்கத்து ஆள் உறிஞ்சிவிட முடியும். யாரோடு சேர்வது, எத்தனை பேர் சேர்வது என்ற கேள்விகள் இரண்டு உயிர்களுக்கும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இரண்டையும் கொஞ்சம் அறிமுகப்படுத்த முடியுமா?

ஸ்டெகோடைபஸ் சரசினோரம் இந்தியா, இலங்கை, நேபாளம், மியான்மர் ஆகிய நாடுகளில் வாழ்கிறது. மெல்லிய ரோமம் போர்த்திய சாம்பல் நிற உடம்பு. முள்செடிகளிலும் வேலிகளிலும் பட்டு நூலையும் காய்ந்த இலைகளையும் தின்று போட்ட பூச்சிகளின் ஓடுகளையும் சேர்த்து ஒரு கெட்டியான கூடு கட்டும். கூட்டைச் சுற்றி வலை விரிந்திருக்கும். ஒரு கூட்டில் சில பத்துச் சிலந்திகளும் இருக்கலாம், சில நூறும் இருக்கலாம். உலகில் பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 2022-ஆம் ஆண்டிலேயே 50,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் வாழ்நாள் முழுவதும் இப்படிக் கூட்டுக் குடும்பமாக இருப்பவை இரண்டு டஜன் அளவுதான். மற்ற சிலந்திகளில் பெரும்பாலானவை பக்கத்தில் வரும் இன்னொரு சிலந்தியை இரையாகப் பார்ப்பவை.

மிக்ஸோகாக்கஸ் சாந்தஸ் உலகெங்கும் மேல்மண்ணில் கிடைக்கும். மெல்லிய குச்சி போன்ற செல். ஆய்வகத் தட்டில் வளர்த்தால் மஞ்சள் நிறத்தில் மெலிதாகப் பரவும். இந்தப் பாக்டீரியாக் குடும்பத்தின் வித்துத் திரள்களை (பசி வந்தால் செல்கள் கூடிக் கட்டும், வித்துகள் நிறைந்த சிறு மேடுகளை) பார்த்த பழைய ஆய்வாளர்கள் அவற்றைப் பூஞ்சைகள் என்றே எழுதிவைத்தார்கள். இல்லை, இவை பாக்டீரியா என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ரோலண்ட் தாக்ஸ்டர் எடுத்துச்சொன்னது 1892-இல். நம் சிலந்திக்கு ஃபெர்டினாண்ட் கார்ஷ் அறிவியல் பெயர் வைத்ததும் அதே 1892. தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அளவில் எவ்வளவு வித்தியாசம்?

வளர்ந்த பெண் சிலந்தி சுமார் ஒரு சென்டிமீட்டர். பாக்டீரியா ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர் நீளம், அரை மைக்ரோமீட்டர் தடிமன். சுமார் ஆயிரத்து நானூறு செல்களைத் தலையோடு தலை ஒட்டி அடுக்கினால்தான் ஒரு சிலந்தியின் நீளம் வரும்.

நீளத்தைவிட முக்கியமானது, அந்த அளவில் உலகமே வேறு மாதிரி இருக்கிறது என்பது. சிலந்தி ஓடலாம், தாவலாம், சட்டென்று நிற்கலாம். பாக்டீரியாவுக்குச் சுற்றியிருக்கும் ஈரம் பாகு போன்ற தடை. உந்துதல் நின்ற அந்தக் கணமே அசைவும் நின்றுவிடும். மிக்ஸோகாக்கஸுக்கு நீந்தும் வாலும் கிடையாது. பரப்பின் மேல் ஊர்வது ஒன்றுதான் வழி. அதிலும் தனிச்செல்லின் வேகம் நிமிடத்துக்குச் சில மைக்ரோமீட்டர். ஒரு நிமிடம் முழுக்க ஊர்ந்தும் தன் உடம்பு நீளத்தைக்கூடத் தாண்டாது.

இரை பிடிப்பது எப்படி நடக்கிறது?

சிலந்தி காத்திருக்கும் வேட்டைக்காரர். பகலில் பெரும்பாலும் கூட்டுக்குள் கிடக்கும், இருட்டியபிறகுதான் சுறுசுறுப்பு. ஒரு வெட்டுக்கிளி வலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கால் உதறும் அதிர்வு நூல் வழியாகக் கூட்டுக்குள் போகிறது. முதலில் ஒன்றிரண்டு வெளியே வரும். கொஞ்சம் ஓடும், நிற்கும். அதிர்வு தொடர்ந்தால் மறுபடி ஓடும். உதறல் பலமாக இருந்து நீடித்தால் இன்னும் பல கிளம்பிவரும். ஒன்று காலைக் கடிக்கும், இன்னொன்று உணர்கொம்பைப் பிடிக்கும், ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு சிலந்தியின் விஷத்துக்கும் பலத்துக்கும் அடங்காத இரை பலரிடம் அடங்கிவிடுகிறது. தன்னைவிடப் பல மடங்கு பெரிய பூச்சியை இவை சாப்பிட முடிவது இதனால்தான். அப்புறம் இரையைக் கூட்டின் பக்கம் இழுத்துப் போய், சுற்றிலும் உட்கார்ந்து உறிஞ்ச ஆரம்பிக்கும்.

பாக்டீரியா வலை விரிப்பதில்லை, தேடிப்போகிறது. ஆனால் மோப்பம் பிடித்து நேராகப் போவதாக நினைத்துவிட வேண்டாம். தனித்தனிச் செல்களை நுண்ணோக்கியில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், தூரத்திலிருக்கும் இரையை நோக்கி அவை திரும்புவதைக் காணவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்பக்கம் பின்பக்கமாகவும் பின்பக்கம் முன்பக்கமாகவும் மாறி, போன வழியே திரும்பி வரும். இப்படி அலைந்து, இரையாகும் எஷரிஷியா கோலை என்ற பாக்டீரியாவின் செல் ஒன்றின் மேல் இடித்தவுடன் நடப்பதுதான் வேட்டை: ஊர்வது நின்றுவிடும், தொட்ட இடத்தில் கொல்லும் கருவி ஒன்று ஒன்றுசேரும், சில நிமிடங்களில் இரையின் உறை உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கசியும். தொடுதல் மூலம் கொல்லும் இந்தக் கருவி 2021-இல்தான் விவரிக்கப்பட்டது. அதற்கு முன், வெளியே விடும் என்சைம்களும் ஆன்டிபயாட்டிக்குகளும்தான் கொல்கின்றன என்று பொதுவாக எழுதிவந்தார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் கதை அவ்வளவு எளிதில்லை.

இந்தப் பாக்டீரியாவை "ஓநாய்க் கூட்டம்" என்கிறார்களே, சரியா?

பாதி சரி. கொல்வதற்குக் கூட்டம் தேவையில்லை, ஒற்றைச் செல்லே கொன்றுவிடும். கூட்டம் உதவுவது கொன்றபிறகு, கரைத்துச் சாப்பிடும்போது. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில் மிக்ஸோகாக்கஸுக்குப் பாலிலுள்ள கேசின் புரதத்தை மட்டும் உணவாகக் கொடுத்தார்கள். செல்கள் நெருக்கமாக இருந்தபோது வேகமாக வளர்ந்தன. அடர்த்தி குறைந்தபோது வளர்ச்சியும் தடுமாறியது. ஏற்கனவே உடைத்த கேசினைக் கொடுத்தபோது அடர்த்தி ஒரு பொருட்டாக இல்லை. புரதத்தை வெளியே உடைக்கும் என்சைம் போதுமான அளவு சேர வேண்டும் என்பதுதான் விஷயம். தனிச்செல்லின் என்சைம் ஈரத்தில் கரைந்து ஓடிவிடும்.

சிலந்தியில் இது தலைகீழ். கூட்டத்தின் லாபம் பிடிப்பதிலும் கூடு கட்டும் செலவைப் பகிர்வதிலும் இருக்கிறது. சாப்பிடும் இடத்தில் கூட்டம் பெரும்பாலும் தொந்தரவுதான். ஆகவே ஓநாய் உவமை பொருந்த வேண்டுமானால் சிலந்திக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

சிலந்தியின் பட்டு நூலைப் போல ஏதாவது பாக்டீரியாவிடம் இருக்கிறதா?

ஒப்பிடத் தகுந்த ஒன்று இருக்கிறது. முதலில் சிலந்தியின் நூல். தோட்டங்களில் வட்ட வலை பின்னும் சிலந்திகள் நூலில் பசைத்துளிகள் வைக்கும். ஸ்டெகோடைபஸ் பசை வைப்பதில்லை. அதன் வயிற்றின் அடியில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு தட்டு இருக்கிறது. அதிலிருந்து வரும் இழைகளைக் கடைசி ஜோடிக் காலிலுள்ள மயிர்வரிசையால் வாரி வாரிப் பஞ்சாக்கும். ஓர் இழையின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான். பூச்சியின் கால் இந்தப் பஞ்சில் பட்டதும் சிக்கிக்கொள்ளும். போதாததற்கு, பூச்சியின் மேலிருக்கும் மெழுகே இழைகளுக்குள் ஊறி ஒட்டுதலைக் கூட்டிவிடுகிறது. ஈரப்பசை இல்லாததால் காய்ந்தும் போகாது. வறண்ட இடங்களில் இது பெரிய வசதி.

மிக்ஸோகாக்கஸின் ஒரு முனையிலிருந்து நீளும் புரத நூல்களுக்குப் பைலஸ் என்று பெயர். தடிமன் சுமார் 7 நானோமீட்டர், நீளம் சில மைக்ரோமீட்டர். அந்த நூலை முன்னால் நீட்டி, பக்கத்துச் செல்லைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பசையில் ஒட்டவைத்து, பிறகு சுருக்கி இழுக்கும். செல் முன்னால் நகரும். பிடித்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் செல்கள் இருந்தால்தான் இந்த நடை நன்றாக வேலை செய்யும் என்பதால் இதற்குச் சமூக இயக்கம் என்றே பெயர். தனியாகப் போகும்போது பைலஸ் தேவைப்படாத இன்னொரு ஊரும் முறையும் உண்டு.

தடிமனில் இரண்டும் வியப்பூட்டும் அளவு நெருக்கம். ஆனால் சிலந்தி நூலை வெளியே விட்டபிறகு திரும்ப உள்ளே சுருக்கிக்கொள்ள முடியாது. பைலஸ் நீளும், சுருங்கும், மறுபடி நீளும். பயன்பாடும் வேறு: அங்கே இரையைப் பிடிக்க, இங்கே உறவைப் பிடித்து நகர.

கூட்டமாகச் சாப்பிடும்போது ஏமாற்றுபவர்கள் வரமாட்டார்களா?

வருவார்கள். இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

சிலந்தியில் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி கிடைத்தது. சரசினோரத்தின் நெருங்கிய உறவான ஸ்டெகோடைபஸ் லினியேட்டஸ் முழுச் சமூகச் சிலந்தி அல்ல. குஞ்சுகள் மட்டும் கொஞ்ச நாள் சேர்ந்திருந்து பிறகு பிரிந்துபோகும். உடன்பிறந்த குஞ்சுகளை ஒரு குழுவாகவும் அந்நியக் குஞ்சுகளை இன்னொரு குழுவாகவும் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: உடன்பிறந்த குழுக்கள் ஒரே மாதிரி இரையிலிருந்து அதிகச் சத்தை எடுத்தன, நன்றாகவும் வளர்ந்தன. அந்நியர் குழுவில் ஒவ்வொன்றும் சாறு விடுவதைக் குறைத்துக்கொண்டு மற்றவர் விட்டதை உறிஞ்சப் பார்த்தால் என்ன ஆகுமோ, அதற்கு ஒத்த விளைவு. மொத்தத்தில் இரை சரியாகக் கரையவில்லை, எல்லோருக்கும் நஷ்டம்.

பாக்டீரியாவில் ஏமாற்று வேலை இன்னும் அப்பட்டம். வித்துத் திரள் கட்டும் நேரத்தில், தனியாக இருந்தால் உருப்படியாக வித்து உண்டாக்கத் தெரியாத சில மரபுவகைகள், நல்ல வகையோடு கலந்துவிட்டால் தங்கள் பங்குக்கு மேல் வித்துகளைப் பெற்றுவிடுகின்றன. வேலையை மற்றவர் செய்ய, இடத்தை இவை பிடிக்கும். 2000-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். ஏமாற்றுபவர்கள் அளவுமீறிப் பெருகிவிட்டால் வித்துத் திரளே ஒழுங்காக உருவாகாது.

சொந்தக்காரர்களை அடையாளம் கண்டுகொள்ளுமா?

இங்கேதான் எதிர்பார்ப்பு கவிழ்கிறது. மூளை உள்ள சிலந்தி ஆள் பார்ப்பதில்லை. வேறு கூட்டிலிருந்து எடுத்துவந்து விட்டாலும் சமூக ஸ்டெகோடைபஸ்கள் பெரும்பாலும் சண்டை போடாமல் சேர்த்துக்கொள்ளும். மூளையே இல்லாத மிக்ஸோகாக்கஸ் கறாராகப் பார்க்கிறது. செல்லின் வெளிச்சவ்வில் டிராஏ என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு செல்களின் டிராஏ ஒத்துப்போனால் சவ்வுகள் ஒட்டி, புரதங்களையும் கொழுப்புகளையும் பரிமாறிக்கொள்ளும். அதோடு நச்சுகளும் போகும். அந்த நச்சுக்கு எதிர்மருந்து வைத்திருக்கும் உண்மையான உறவுக்கு ஒன்றும் ஆகாது, போலிக்கு ஆபத்து. 16 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு மண்பரப்பிலிருந்து எடுத்த செல்களிலேயே ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல வகைகள் இருந்தன.

எனக்குத் தோன்றும் காரணம் இது: சிலந்திக் கூட்டில் அந்நியர் வருவதே அபூர்வம். தலைமுறை தலைமுறையாக அதே கூட்டுக்குள்ளேயே உடன்பிறந்தவர்களோடு இணைசேர்ந்து வருவதால், பக்கத்தில் யார் இருந்தாலும் அது சொந்தமாகத்தான் இருக்கும். வாசலில் ஆளை நிறுத்திச் சோதிக்கும் தேவையே எழவில்லை. மண்ணிலோ ஒரு மழைத்தண்ணீர் போதும், அந்நியர் பக்கத்தில் வந்து சேர.

தாயைக் குஞ்சுகள் தின்றுவிடும் என்பது உண்மையா? பாக்டீரியாவிலும் அப்படி உண்டா?

உண்மை. முட்டை பொரிந்ததும் தாய் தன் உணவைத் திரவமாகக் கக்கி ஊட்டும். நாளாக ஆக, ஊட்டும் திரவத்தில் தாயின் சொந்தக் குடல் திசுக்களும் கரைந்து கலக்கும். கடைசியில் குஞ்சுகள் தாயின் மேலேறி உடம்பையே உறிஞ்சிவிடும். தாய் தப்பியோடுவதில்லை. சமூக இனங்களில் இது பெற்ற தாயோடு நிற்பதும் இல்லை. ஆப்பிரிக்காவிலுள்ள உறவான ஸ்டெகோடைபஸ் டுமிகோலாவில், இணைசேராத பெண்களும் மற்றவர் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன, அவையும் தின்னப்படுகின்றன.

பாக்டீரியாவில் பசி வந்தால் நடப்பதைப் பார்ப்போம். அமினோ அமிலம் தீர்ந்ததும் செல்லுக்குள் எச்சரிக்கை மூலக்கூறு ஒன்று ஏறுகிறது. செல்கள் ஒன்றுக்கொன்று இரசாயனச் சைகை விட்டுக்கொண்டு, சிதறிக் கிடந்தவை ஓடைகளாகச் சேர்ந்து குவியத் தொடங்கும். ஒரு நாளில் குவியல்கள் நுண்ணோக்கியில் கறுத்த மேடுகளாகத் தெரியும். மூன்று நாளில் மேட்டுக்குள் இருக்கும் குச்சிச் செல்கள் சுருங்கி உருண்டை வித்துகளாகிவிடும். ஒரு மேட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் செல்கள். மேட்டின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆரம்பத்தில் கூடிய செல்களில் பெரும்பகுதி வித்தாவதே இல்லை. வழியிலேயே உடைந்து செத்துவிடும், ஒரு சிறு பகுதி குச்சியாகவே வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் "தியாகம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. சிலந்தித் தாய் விஷயத்தில் அந்தச் சொல்லை ஓரளவு ஏற்கலாம், பலன் யாருக்குப் போகிறது என்பது தெளிவு. செத்த செல்கள் மற்றவற்றுக்கு உணவாகவே சாகின்றனவா, அல்லது வித்தாகும் போட்டியில் தோற்றுச் சாகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகவே பாக்டீரியாவுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கட்சி.

வித்துகள் ஏன் சேர்ந்தே இருக்கின்றன என்பதற்கு ஓர் அழகான விளக்கம் உண்டு. முளைக்கும்போது தனியாக இருந்தால், மேலே சொன்ன கேசின் சிக்கல்தான்: என்சைம் போதாது. லட்சம் பேர் ஒரே இடத்தில் கண்விழித்தால் முதல் வேளையே கூட்டுச் சாப்பாடு.

மரபணு எண்ணிக்கையில் யார் பெரியவர்?

சிலந்திதான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. 2014-இல் முதன்முதலாக வெளியான சிலந்தி மரபணுத் தொகுதி சரசினோரத்தின் உறவான ஸ்டெகோடைபஸ் மிமோசாரமுடையது: சுமார் 255 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 27,000 மரபணுக்கள். 2006-இல் வெளியான மிக்ஸோகாக்கஸ் தொகுதி சுமார் 91 லட்சம் எழுத்துகள், 7,300 மரபணுக்கள். எழுத்தில் 280 மடங்கு, மரபணுவில் நான்கு மடங்குகூட இல்லை. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் இடத்தை வீணாக்குவதில்லை. பாக்டீரியாக்களுக்குள் பார்த்தால் மிக்ஸோகாக்கஸே பெரிய ஆள், எஷரிஷியா கோலையின் தொகுதியைப் போல இரு மடங்கு. கூடுதல் மரபணுக்களில் கணிசமானவை சைகைகளை வாங்கிப் புரிந்துகொள்ளும் வேலைக்கானவை.

சிலந்தி வலை பாக்டீரியாவைக் கொல்லும் என்கிறார்களே?

காயத்தில் வலையை வைக்கும் பழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது, அதிலிருந்து வந்த நம்பிக்கை. சில ஆய்வுகள் ஆமாம் என்றன. 2021-இல் பல சிலந்தி இனங்களின் பட்டு நூலைக் கவனமாகச் சோதித்தவர்கள் அப்படி எந்தச் சக்தியையும் காணவில்லை. முந்தைய ஆய்வுகள் சிலவற்றில் பட்டு நூலைக் கழுவப் பயன்படுத்திய கரைப்பானும் வெளிக்கிருமிக் கலப்பும் கண்ணைக் கட்டியிருக்கலாம் என்றும் சுட்டிக்காட்டினார்கள். காயத்தில் வலையை வைக்காதீர்கள்.

சமூகச் சிலந்திகளுக்குத் தனித்தனி "ஆளுமை" உண்டு என்று படித்தேன். நம்பலாமா?

எந்தக் கட்டுரை என்று பாருங்கள். அந்தத் துறையில் வந்த பல ஆய்வுக் கட்டுரைகள், தரவுகளில் முறைகேடு தெரிந்ததால் 2020 முதல் திரும்பப் பெறப்பட்டன. பழைய செய்திகள் இணையத்தில் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மனிதர்களுக்கு ஆபத்தா?

இரண்டும் இல்லை.

பயன்?

சிலந்தி பூச்சிகளைத் தின்கிறது. பாக்டீரியாக் குடும்பம் மருந்துக் கடை வரை வந்துவிட்டது: மிக்ஸோகாக்கஸின் உறவான சொராஞ்சியம் செல்லுலோசம் உண்டாக்கும் எபோதிலோன் என்ற வேதிப்பொருளிலிருந்து உருவான இக்ஸாபெபிலோன் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு 2007-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நானே பார்க்க முடியுமா?

சிலந்திக் கூட்டைக் கண்டுபிடித்தால் இருட்டியபின் போங்கள். இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டி, அதிரும் முனையை வலையில் மெதுவாகத் தொட்டால், சிக்கிய பூச்சி என்று நினைத்துச் சிலந்திகள் ஓடிவரும். கிட்டே வந்து ஏமாந்து திரும்பிவிடும். அடிக்கடி செய்யாதீர்கள், அவற்றுக்கு வீண் அலைச்சல்.

பாக்டீரியாவுக்குப் பொறுமை வேண்டும். மூடியுள்ள கண்ணாடித் தட்டில் ஈரமான வடிதாளைப் போட்டு, அதன் மேல் முயல் புழுக்கைகளையோ பழைய மரப்பட்டைத் துண்டுகளையோ வையுங்கள். தாள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் மஞ்சளும் ஆரஞ்சுமாக மினுக்கும் சிறு உருண்டைகள் தென்படலாம். நூல் நூலாகவோ பஞ்சு போலவோ இருந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். தொட்டபிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், புழுக்கையில் வேறு பல கிருமிகளும் இருக்கும்.